கோடை விடுமுறையில் என்ன படிக்கலாம்? வாசகர்கள் சொல்ல ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வுகள் முடியும் தறுவாயில் கோடைக்காலப் பயிற்சி வகுப்புகளைப் பற்றிய அறிவிப்புகள் நாளிதழ்களில் நிறையவே வருகின்றன. நீச்சல், சதுரங்கம், கையெழுத்து, கணினி என எல்லாவற்றுக்கும் வழிகாட்ட ஆள் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் என்ன படிக்கலாம் என்று சொல்லத்தான் ஆளில்லை. அரிதாகக் கண்ணில் படும் பட்டியல்களும் பொது அறிவு, ஆளுமை வளர்ச்சி, போட்டித் தேர்வு என்ற வட்டத்தைத் தாண்டுவதில்லை. ஒரு புத்தகத்தைப் படித்து மனம் தோய்ந்த ஒருவர், அது தமக்கு ஏன் பிடித்தது என்று தம் வாயால் சொல்லும்போதுதான் கேட்பவருக்கும் அதை எடுத்துப் படிக்கும் ஆசை பிறக்கிறது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒரு முறையேனும் வாசகர்கள் தங்கள் மனத்துக்கு நெருக்கமான ஒரு நூலைப் பற்றி எழுதத் தங்கள் நாளிதழில் சிறிது இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேட்பதோடு நில்லாமல் என் பங்கையும் செலுத்திவிடுகிறேன். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்ற சிறுகதை. இதே பெயர் கொண்ட அவருடைய தொகுப்புக்கு, அவர் மறைவுக்குப் பின், 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. படிப்பதற்குப் புத்தகம் வேண்டும் என்று ஒரு மனிதரை மொய்த்துக்கொள்ளும் தெருப் பிள்ளைகளும், மற்றவர்களுக்குக் கிடைத்த டைரி தனக்குக் கிடைக்காத சாரங்கன் என்ற சிறுவனும்தான் கதை. சென்ற கோடையில் ஒருநாள் மாலை இதை வீட்டில் உரக்க வாசித்தேன். டைரிகளைப் பங்கிடும் இடம் வந்ததும் என் பேத்தி, "சாரங்கனுக்கு ஏன் தாத்தா கொடுக்கவில்லை?" என்று கேட்டாள். மேலே படித்தால் தெரியும் என்றேன். சாப்பிடக் கூப்பிட்ட குரலுக்கும் எழுந்திருக்காமல் கடைசி வரி வரை என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கதையின் முடிவை இங்கே எழுதிப் புதிதாகப் படிப்பவரின் அனுபவத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் மனத்தை இவ்வளவு மரியாதையோடு அணுகிய எழுத்து எந்த மொழிக்கும் பெருமை சேர்க்கும். படித்து முடித்தவர்கள் அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' கதையையும் தேடிப் படிக்க வேண்டும்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தடிமனைப் பார்த்து யாரும் மலைக்க வேண்டியதில்லை. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த நூல் என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. நாளுக்கு இரண்டு மூன்று படித்தாலே விடுமுறைக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். தமிழ் படிக்க ஆசிரியர் தேடித் தந்தையோடு ஊர் ஊராகப் போன சிறுவன், 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேரும் பகுதியை நான் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. அதைவிடவும் முக்கியமானது 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கும் இடம். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஒவ்வொன்றாக அவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் சற்றும் வியப்படையாமல், சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்கிறார். அப்போது கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர், அந்தக் கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளாமல் ஏற்றுக்கொண்டு உழைத்ததால்தான் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. மதிப்பெண் ஒன்றையே கல்வி என்று கேட்டு வளரும் பிள்ளைகள் இந்தப் பகுதியைப் படித்தே ஆக வேண்டும் என்பேன்.

பெரியவர்களுக்கு இரண்டு நூல்கள். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அனுபவம் உள்ள எவரும் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை இந்தக் கோடையில் படிக்கலாம். அடிகுழாயில் நீர் வராத சென்னைத் தெருவில் ஜமுனாவும் அவள் தங்கை சாயாவும் குடத்தோடு படும் பாட்டைக் குரலை உயர்த்தாமல் சொல்லும் சிறிய நாவல் அது. மற்றொன்று, எழுத்தாளர்கள் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய காவிரிப் பயண நூலான 'நடந்தாய் வாழி காவேரி'. மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாளான ஜூன் 12க்கு முன், டெல்டாவில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும் நாட்களில், சொந்த ஊருக்கு வந்திருப்பவர்கள் இதைப் படித்தால் அந்த ஆற்றின் மீது தனிப் பற்று உண்டாகும்.

இவற்றை எல்லாரும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. 1931இலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பிய நாடு இது. 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலமும் இது. சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். ஆகவே கிளை நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விடுமுறை முடியும் வரை கதை, பயணம், வாழ்க்கை வரலாற்று நூல்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், நுழைந்தவுடன் கண்ணில் படும் மேசையில் எடுத்து வைத்து உதவ வேண்டும்.

தாங்கள் இப்பகுதியைத் தொடங்கினால், எழுதுவோர் நூலின் பெயர், ஆசிரியர், எந்த வயதினருக்கு ஏற்றது, தமக்குப் பிடித்த ஓர் இடம் ஆகியவற்றைப் பத்து வரிகளுக்குள் குறிப்பிடுமாறு கேட்கலாம். மழலையருக்கான நூல்களைப் பற்றித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எழுதினால் இளம் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும். விடுமுறையின் முதல் வாரத்திலேயே இது தொடங்கினால்தான் நூல்களைத் தேடி எடுத்துப் படிக்க அவகாசம் கிடைக்கும் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்