விரிப்பு வாங்கும் முன்

அன்புள்ள செல்வம்,

புதுமனை புகுவிழாப் பத்திரிகை கிடைத்தது. வைகாசியில் குடும்பத்தோடு வருகிறோம். மெத்தை விரிப்பு எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தாயே, அதற்கு மட்டும் நாலு வரி கூடுதலாக எழுதுகிறேன்.

கடைக்காரர் காட்டிய '1000 திரெட் கவுண்ட்' அட்டையை மறந்துவிடு. ஓர் அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களையும் குறுக்கே ஓடும் ஊடை நூல்களையும் கூட்டினால் வருவதுதான் அந்த எண். 60-ஆம் நம்பர் (நம்பர் கூடினால் நூல் மெல்லிசு) ஒற்றை நூலில் பாவு 173, ஊடை 120 வைத்தால் 293. அதை 300 என்று விற்பார்கள். 1000 என்றால் பெரும்பாலும் நாலைந்து மெல்லிய நூல்களை ஒரே ஊடையாகச் சேர்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனியாக எண்ணியிருப்பார்கள்.

பஞ்சின் இழை என்ன நீளம் என்று கேள். சங்கர்-6 என்ற பருத்தி ரகம் சுமார் 28, 29 மி.மீ. கோவையில் 1974-இல் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி ரகங்களைக் கலந்து எடுத்த சுவின் ரகம் 38 மி.மீ. வரை போகும். இழை நீளமானால் நூலில் முனைகள் குறைவு. துவைக்கத் துவைக்க வெளியே வந்து குட்டிக் குட்டி உருண்டையாகத் திரள்வது அந்த முனைகள்தான். ஆனால் சுவின் 200 நாளுக்கு மேல் வயலில் நிற்கும், மகசூலும் குறைவு. அதனால் மலிவு விலையில் அந்தப் பெயரைக் கண்டால் நம்பாதே.

விரிப்பின் ஓரத்திலிருந்து ஒரு சாண் நூல் உருவி, முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார். இரண்டாகப் பிரிந்தால் இரட்டை நூல்; அட்டையில் அதை இரண்டாக எண்ணியிருக்கலாம். ஒற்றையானால் கருப்புத் துணிமேல் ஊசியால் கோதிப் பிரித்து, நீளமான இழைகளை அளவுகோலில் வை. நூலைச் சின்னதாக வெட்டாதே; இழையே அறுபட்டு நீளம் தப்பாகத் தெரியும்.

கடையில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதே. வழவழப்பு பாதி கஞ்சியும் சிலிக்கானும். துவைக்கத் துவைக்கப் போய்விடும். நம் வெயிலுக்கு சாட்டின் நெசவைவிடச் சாதா நெசவே காற்றோட்டம். சாட்டின் மினுங்கும், ஆனால் கொலுசு பட்டாலே நூல் இழுத்துக்கொள்ளும்.

அளவிலும் ஒரு வம்பு இருக்கிறது. பருத்தி 5 சதவீதம் வரை சுருங்கலாம். உதாரணத்துக்கு, 78 அங்குல நீளம், 10 அங்குல உயர மெத்தைக்கு 108 அங்குல விரிப்பு வாங்கினால், சுருங்கியபின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கீழே செருக இரண்டிரண்டு அங்குலம்தான் மிஞ்சும். புரண்டு படுத்தால் மூலை கழன்றுவிடும். 112 அங்குலமாவது கேள். கிடைக்காவிட்டால் மீட்டர் துணியாக எடுத்து, ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடு.

மெத்தை உயரத்தை அளந்து எழுது, இங்கே ஈரோட்டில் விசாரிக்கிறேன்.

அன்புடன்,
ராசு