இரண்டாவது சார்ஜில்தான் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த மின்சார மோட்டார் சைக்கிள் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் பேட்டரியைக் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விப்பதுதான் உயர்ந்த தொழில்நுட்பம், காற்றை நம்புவது கஞ்சத்தனம் என்கிற தொனியில் எனக்கு உடன்பாடில்லை.

மின்னோட்டம் இரண்டு மடங்கானால், பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் உள்மின்தடையில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். அதனால் நிதானமாக ஓட்டுகிறவரின் வண்டியில் சூடு பெரிய தொல்லையே இல்லை. பேட்டரியின் கனத்த அலுமினியப் பெட்டி அதை வாங்கி, எதிர்க்காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும். பம்ப், ரேடியேட்டர், ஒழுகக்கூடிய குழாய் எதுவும் வேண்டாம். இருசக்கர வண்டியில் கூடுகிற எடை, வளைவில் சாய்க்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். குழாய் போகிற இடத்தில் இன்னும் சில செல்களை வைக்கலாம் என்பதும் உண்டு.

வண்டி நின்ற பிறகுதான் சிக்கல். நெடுஞ்சாலையில் முறுக்கிக்கொண்டு வந்து நேரே ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டுகிறோம். செல்கள் ஏற்கெனவே கொதிப்பில் இருக்கின்றன, சார்ஜிங் இன்னும் சூடேற்றுகிறது, எதிர்க்காற்றோ இல்லை. சரி, ஒரு ஃபேன் வைத்தால்? தண்ணீர் புகாமல் இறுக மூடிய பெட்டி அது. காற்று வெளிச்சுவரைத் தடவிவிட்டுப் போகும், அவ்வளவுதான். நடுவில் சிக்கிய செல்லின் சூடு சுவர்வரை வந்து சேர நேரமாகும். அதற்குள் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் மின்னணுச் சாதனம் சார்ஜ் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்; சார்ஜ் ஏற நேரம் கூடும்.

2023இல் மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கான மோட்டோஇ பந்தயத்துக்கு வந்த டுகாட்டி வி21எல் வண்டி இதற்காகவே பேட்டரிக்குத் தனிக் கூலன்ட் சுற்று வைத்தது. மோட்டாருக்கும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கும் வேறு சுற்று, ஏனென்றால் அவை பேட்டரியைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். பந்தயம் முடிந்ததும் ஆறவிடாமலே சார்ஜ் போடலாம். பந்தயத்துக்கு அது நியாயம்தான். ஆனால் சாலையில் ஓடும் லைவ்வயர் ஒன் என்கிற மின்சார வண்டி மோட்டாருக்குக் கூலன்ட் கொடுத்து, பேட்டரியைக் காற்றுக்கே விட்டிருக்கிறது. அதையும் கஞ்சத்தனம் என்பீர்களா?

கடுங்குளிரில் கணக்கு மாறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால் செல் கெடும். கூலன்ட் சுற்று இருந்தால், ஹீட்டர் சேர்த்துச் செல்களைச் சூடாக்கிக்கொள்ளலாம்.

உங்கள் அட்டவணையில் உச்சத் திறனும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமான ரேஞ்சும் மட்டுமே இருந்தன. அடுத்த முறை வண்டியைச் சோதிக்கும்போது, ஒரே நாளில் வேகமாக ஓட்டியபின் போடும் இரண்டாவது ஃபாஸ்ட் சார்ஜ் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும், எத்தனை டிகிரியில் வண்டி தானாகத் திறனைக் குறைக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்