படங்களுக்குப் பக்கத்தில் அவர்கள் பட்டதையும் எழுதுங்கள்

வெளிநாடு வாழ் ஜப்பானிய ஓவியர்களின் கண்காட்சியை நடத்தும் ஜப்பான் அரசின் பண்பாட்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் நகரத்தில் நீங்கள் வைத்திருக்கும் கண்காட்சியைப் பார்த்தேன். படங்களைத் தேர்ந்தெடுத்ததிலும் மாட்டியிருந்த அழகிலும் ஒரு குறையும் இல்லை, நன்றி. என் வருத்தமெல்லாம் பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்புகளைப் பற்றித்தான்.

யசுவோ குனியோஷியின் படத்துக்கு இரண்டே வரி. ஒகயாமாவில் பிறந்தார், நியூயார்க்கில் வாழ்ந்தார், இரு நாட்டு நட்பின் அடையாளம். அவ்வளவுதான். அவர் கதை உங்களுக்குத் தெரியாததல்ல.

1906இல் பதின்ம வயதில் அமெரிக்கா போனார். வரையக் கற்றதும் பிறகு கற்பித்ததும் அங்கேதான். ஆனால் ஜப்பானில் பிறந்தவர் அங்கே குடியுரிமை பெற அன்றைய சட்டத்தில் வழியில்லை. 1919இல் அவரை மணந்த ஓவியர் கேத்தரின் ஷ்மிட், அந்த ஒரே காரணத்தால் தன் அமெரிக்கக் குடியுரிமையை இழந்தார். 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியதும், முப்பத்தைந்து வருடம் அங்கே வாழ்ந்த மனிதர் 'எதிரி நாட்டவர்' ஆனார். வங்கிக் கணக்கை முடக்கினார்கள், கேமராவைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதே அரசின் போர்ப் பிரசாரத்துக்குத்தான் அவர் சுவரொட்டிகள் வரைந்தார், ஜப்பானியர்களை நோக்கி வானொலியில் பேசினார். 1952இல் வெனிஸ் பியென்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் அவர் படங்கள் இடம்பெற்றன. ஜப்பானில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமையை மறுத்த சட்டமும் அந்த வருடம்தான் மாறியது. 1953இல், குடிமகன் ஆகாமலேயே இறந்துபோனார்.

இதில் ஒரு வரிக்குக்கூட உங்கள் சுவரில் இடமில்லையா? 1935இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் செய்பி என்ற குழுவைத் தொடங்கிய ஜப்பானிய ஓவியர்கள் போர்க்காலத்தில் ஒன்றுகூட முடியாமல் இருந்ததை எழுதினால் பிரேசிலுடன் நட்பு கெட்டுவிடுமா? இந்த வாழ்க்கைகளை முழுதாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஜப்பான் தன் பங்கையும் சேர்த்தே எழுத வேண்டும். போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவத்துக்காக ஓவியர் ஃபுஜிதா வரைந்தார். ஜப்பான் தோற்ற பிறகு, அதற்காக மற்ற ஓவியர்களே அவரைக் குற்றம் சாட்டினார்கள். 1949இல் நாட்டைவிட்டுக் கிளம்பியவர் திரும்பி வரவே இல்லை. 1955இல் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். இன்றும், தானே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறும் ஜப்பானியர் தன் சொந்தக் குடியுரிமையை இழக்கிறார். உங்கள் குடியுரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டில் வேர் விட்டவர்களைத் தேசத்தின் முகம் என்று மேடையேற்றும் அரசு, அவர்கள் அங்கே வாக்குரிமை கேட்டுப் போனால் கைவிட்டுவிடுகிறது. ஊரைவிட்டு வந்து இன்னொரு நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கிய எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

சரி, சட்டத்தை மாற்றுவது உங்கள் மேசையில் முடிகிற வேலை இல்லை. குறிப்பு எழுதுவது உங்கள் வேலை. நட்பைக் காட்டத்தான் இந்தக் கண்காட்சி என்றால், அந்த நட்பு முறிந்த காலத்தில் யார் என்ன பட்டார்கள் என்று பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அந்தப் படங்கள் மீது மதிப்பு கூடத்தான் செய்யும்.

கண்காட்சி அடுத்த ஊருக்குப் போவதற்கு முன் அந்தக் குறிப்புகளைத் திருத்தி எழுதும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால், குனியோஷியிடமிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிக்கு வந்த ஒரு தமிழ் வாசகர்