கம்ப்யூட்டரைத் தொடுமுன் பாஸ்வேர்டை மாற்று

அல்சூர், பெங்களூரு

கயலுக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்தேன். குரோம் தானாக ஏதோ ஒரு தேடல் பக்கத்துக்குத் தாவுகிறது. மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று ஒரு வரி. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில், இந்த இடத்தைத் தேடாதே என்று நீங்கள் யாரும் போடாத ஒரு விலக்கு. இதில் ஒன்று மட்டும் இருந்தால் விளம்பரத் தொல்லை என்று விட்டுவிடலாம். மூன்றும் சேர்ந்திருப்பதால் ஸ்பைவேர், அதாவது உளவு மென்பொருள், உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கு. நேரு பிளேஸ் கடையில் கொடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்வது புரிகிறது. கடையில் ஃபார்மட் அடித்துத் தருவார்கள், மெஷின் சுத்தமாகிவிடும். ஆனால் அதற்குள் வெளியே போய்விட்ட பாஸ்வேர்டை எந்தக் கடைக்காரராலும் திரும்ப வாங்கித் தர முடியாது. அந்தப் பாதி வேலை உங்களுடையது, அதுதான் முதலில் நடக்க வேண்டும்.

இப்போதே லேன் வயரைப் பிடுங்கு, வைஃபையை அணை. அந்தக் கம்ப்யூட்டரில் ஜிமெயில், பேங்க் எதையும் திறக்காதே. போனை எடுத்து வீட்டு வைஃபையிலிருந்து விலகி, சிம் டேட்டாவுக்கு மாறு. முதலில் ஜிமெயில் பாஸ்வேர்டு. பேங்க் அல்ல, ஜிமெயில்தான் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டு மீட்பு லிங்க்கும் அங்கேதான் வந்து விழும். மாற்றியதோடு நிறுத்தாதே. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் உன் சாதனங்களின் பட்டியல் இருக்கும். உன் கையில் உள்ள போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சைன் அவுட் செய்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இப்போது வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதிகம் நுழைவது பழைய மாதிரி கீ அடிப்பதைப் பதிவு செய்யும் சாமான் மட்டும் அல்ல. இன்ஃபோஸ்டீலர் என்ற வகை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஆட்டோஃபில் விவரங்கள், குக்கீகள் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிடும். சில தன்னையே அழித்துக்கொண்டும் போய்விடும், பிறகு ஸ்கேன் செய்தால் ஒன்றுமே காட்டாது. குக்கீ என்பது ஏற்கனவே உள்ளே நுழைந்துவிட்ட ஆளின் அடையாளச் சீட்டு. அதை வைத்திருப்பவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. எல்லா இடத்திலும் சைன் அவுட் செய்தால்தான் அந்தச் சீட்டு செல்லாமல் போகும். ரெட்லைன் என்ற ஸ்டீலரின் சர்வர்களை 2024 அக்டோபரில் டச்சுப் போலீஸ் முன்னின்று பிடித்தது. லும்மா என்பதன் சுமார் 2,300 தளங்களை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் கோர்ட் உத்தரவு வாங்கி முடக்கியது. ஒன்று போனால் இன்னொன்று வருகிறது, அதனால் பேரைத் தேடி நேரத்தை வீணாக்காதே.

ஜிமெயிலுக்குப் பிறகு பேங்க், வருமான வரிக் கணக்கு, டிஜிலாக்கர், ஷாப்பிங் தளங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் போய் கம்ப்யூட்டரை நீக்கு, இதைப் பலரும் மறக்கிறார்கள். இன்னொரு மறைவிடம் ஜிமெயிலின் ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும். உன் மெயிலின் நகல் வேறு முகவரிக்குப் போகும்படி வைத்துவிட்டால் பாஸ்வேர்டு மாற்றினாலும் அது நிற்காது. போன் ஆப்பில் இது முழுதாகத் தெரியாது. மாப்பிள்ளையின் ஆபீஸ் லேப்டாப்பில் தனிச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பார்த்துவிட்டு மூடிவிடு. பேங்க் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் சொன்னால்தான் பிடித்து நிறுத்த முடியும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்.

சரி, இனி மெஷினுக்கு வருவோம்.

டாஸ்க் மேனேஜரை கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தித் திற. பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே, இடத்தைப் பார். சந்தேகமான வரியில் ரைட் கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடு. எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் பத்து இருபது வரிகள் ஓடுவது சகஜம், பயப்படாதே. அவை விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் இருக்க வேண்டும். அதே பெயர் ஆப்டேட்டாவிலோ டெம்ப்பிலோ இருந்தால் போலி. எழுத்து இடம் மாறி எஸ்சிவிஹோஸ்ட் என்று வந்தாலும் போலி. அதற்காக ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் கள்ளச் சாமான் என்று எண்ணிவிடாதே. ஜூம், டிஸ்கார்ட் போன்றவையும் அங்கேதான் இருக்கும். சந்தேகம் தீர ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேப் இருக்கிறதா, கையொப்பமிட்ட நிறுவனம் யார் என்று பார்.

அடுத்து செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலை இன்ஸ்டால் செய்த தேதிப்படி அடுக்கு. எளிய வழிதான், ஆனால் நான் இதைத்தான் அதிகம் நம்புவேன். தொல்லை தொடங்கிய நாளில் வந்தவை பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கும். ஒரு இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டரோடு கூடவே மூன்று பேர் ஏறியிருப்பார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ரிமோட் மென்பொருள் இருந்து, நீங்கள் யாரும் போடவில்லை என்றால் அதையும் எடுத்துவிடு. இவை முறையான மென்பொருள்கள், அதனால் ஆன்டிவைரஸ் இவற்றைத் தவறு என்று சொல்லாமல் போகலாம். "கஸ்டமர் கேர்" என்று பேசி இறக்க வைப்பவர்களுக்கு அதுதான் வசதி. அக்கவுண்ட்ஸ் பகுதியில் தெரியாத யூசர் பெயர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்.

மெஷினை ஆன் செய்யும்போதே தானாகக் கிளம்புபவற்றைப் பிடிக்க ஆட்டோரன்ஸ்தான் சரியான கருவி. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்தில் இலவசம். ஆபீஸ் லேப்டாப்பில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவா. அந்தப் பென்டிரைவை வேலை முடிந்ததும் ஃபார்மட் செய்துவிடு, திரும்ப ஆபீஸ் லேப்டாப்பில் செருகாதே. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கச் சொல், கையொப்பத்தைச் சரிபார்க்கவும் சொல். இளஞ்சிவப்பு வரி என்றால் வெளியீட்டாளர் விவரமோ சரியான கையொப்பமோ இல்லை. மஞ்சள் என்றால் அந்த ஃபைலே இப்போது அங்கே இல்லை, பழைய எச்சம். சந்தேகமானதை டெலீட் செய்யாதே, டிக்கை மட்டும் எடு. தவறு என்று தெரிந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டிரைவர்ஸ் டேபில் மட்டும் கை வைக்காதே, அங்கே தவறானதை எடுத்தால் விண்டோஸ் எழாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் டேபில் பவர்ஷெல், ரன்டிஎல்எல்32, எம்எஸ்ஹெச்டிஏ என்று ஒரு வரி இருக்கும், வெளியீட்டாளர் மைக்ரோசாஃப்ட் என்றே காட்டும். உண்மையும் அதுதான். நிரல் மைக்ரோசாஃப்டுடையது, அதற்குக் கொடுத்திருக்கும் கட்டளை திருடனுடையது. அந்த வரிக்குப் பின்னால் வாய்க்கு நுழையாத நீண்ட எழுத்துக் கோவையோ, ஏதோ ஒரு இணைய முகவரியோ இருந்தால் அந்த டாஸ்க்கின் டிக்கை எடு. ஃபைலை அழித்த மறுநாள் அது திரும்ப வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இப்படி ஒரு டாஸ்க்தான் காரணம்.

இப்போது டிஃபெண்டர். முதலில் எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது விலக்குப் பட்டியல். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அதன் கடைசியில் இருக்கும். நீ அனுப்பிய படத்தில் சி டிரைவ் முழுவதுமே விலக்கில் இருந்தது. அப்படி இருந்தால் எத்தனை தடவை ஸ்கேன் செய்தாலும் "ஒன்றுமில்லை" என்றுதான் வரும், கேமராவின் மேல் துணியைப் போட்டுவிட்டுக் காவல் காப்பது மாதிரி. அதை நீக்கு, டிஃபெண்டரின் செட்டிங்ஸை வேறு மென்பொருள் மாற்றாமல் தடுக்கும் டேம்பர் புரொடெக்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பார். மெஷின் வாங்கும்போது கூடவே வந்த ஆன்டிவைரஸ் காலாவதியாகிக் கிடந்தால் அன்இன்ஸ்டால் செய். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றின் காலை ஒன்று வாரும்.

பாஸ்வேர்டுகளை மாற்றியாகிவிட்டது, அதனால் போன் ஹாட்ஸ்பாட்டில் சிறிது நேரம் இணைத்து டிஃபெண்டரை அப்டேட் செய்யலாம். அதன்பின் இணைப்பைத் துண்டித்து ஃபுல் ஸ்கேன். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படு. குவிக் ஸ்கேன் இதற்குப் போதாது. காலையில் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். ஒளிந்திருப்பது அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்காது, எதிர்க்கவும் முடியாது. சுமார் 15 நிமிடம் ஆகும். ஒரு எச்சரிக்கை: டிஸ்க் என்கிரிப்ஷன் ஆகியிருந்தால் அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கக்கூடும். அதைப் போனில் உன் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள். பாதியில் மாட்டிக்கொண்டு தேடாதே.

இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, பிரவுசர் குப்பைக்கு அவர்களுடைய ஆட்வ்கிளீனர் போதும். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் நல்லது, ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். நம் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு. எதை இறக்கினாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கு. தேடலில் முதலில் வரும் விளம்பர லிங்க்கை அழுத்தாதே, ஸ்பைவேர் நீக்கும் கருவி என்ற பெயரிலேயே ஸ்பைவேர் விற்கிறார்கள்.

பிரவுசர் தனி வேலை. எக்ஸ்டென்ஷன்களில் உனக்குத் தெரியாததையெல்லாம் எடு. எடுத்ததும் திரும்ப வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கூகுள் சிங்க். வேறு மெஷினில் இருப்பது இங்கே வந்து இறங்குகிறது. இரண்டு, பாலிசி, அதாவது பிரவுசர் மீறாதபடி மெஷினில் வைக்கும் கட்டாய விதி. அந்த "நிறுவனம்" வரி அதனால்தான் வருகிறது. சில ஆன்டிவைரஸும் அப்படி ஒரு பாலிசி வைக்கும், அதனால் குரோமின் பாலிசி பக்கத்தைத் திறந்து, எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக ஏற்றும் வரி இருக்கிறதா என்று பார். இருந்தால் விண்டோஸின் அமைப்புகள் சேமித்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள் என்ற கிளையில் குரோம் கீயை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அப்புறம் அழி. லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் இரண்டின் கீழும் பார்க்க வேண்டும். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் வரி குரோம் ஃபைல் பெயரோடு முடிய வேண்டும், அதற்குப் பின் ஒரு தள முகவரி தொங்கினால் அதை வெட்டு. நெட்வொர்க் செட்டிங்ஸில் நீ போடாத ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்புவது) இருந்தால் அணை. திரையின் வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று வருவதாகச் சொன்னாயே, அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். சைட் செட்டிங்ஸில் அதை எடுத்தால் அடங்கிவிடும்.

வீட்டில் உள்ள போன்களும் வேறு பக்கத்துக்குத் தாவினால் குற்றம் கம்ப்யூட்டரில் இல்லை, ரவுட்டரில். அப்படியானால் பின்பக்க ரீசெட் ஓட்டையை ஊசியால் அழுத்திப் பிடித்து, புது அட்மின் பாஸ்வேர்டு வை. ஆனால் அதற்கு முன் இணைப்புக்கான யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேபிள்காரரிடம் கேட்டு வைத்துக்கொள், ரீசெட்டில் அதுவும் போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் விண்டோஸைப் புதிதாகப் போடத்தான் சொல்வேன். சி டிரைவையே விலக்கில் போட்டது என்றால் அதற்கு அட்மின் உரிமை கிடைத்திருக்கிறது. அட்மினாக இருந்தவன் என்னென்ன செய்தான் என்று எந்த ஸ்கேனும் முழுதாகச் சொல்லாது. வெறும் எக்ஸ்டென்ஷன் தொல்லையாக இருந்திருந்தால் இந்த அளவுக்குப் போகச் சொல்லியிருக்க மாட்டேன். போட்டோ, டாக்குமென்ட் மட்டும் வெளி டிஸ்க்குக்கு எடு. ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்துவிட்டு எடுத்தால் "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" மாதிரி வேஷம் போட்டவை கண்ணில் படும். இன்ஸ்டால் ஃபைல்கள், ஜிப்புகள், கேம் ஃபோல்டர் எதுவும் வேண்டாம். வேறு மெஷினில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய். அதிலிருந்து பூட் செய்து கஸ்டம் இன்ஸ்டாலில் சிஸ்டம் டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துவிட்டுப் போடு. லைசென்ஸ் ஒரிஜினல் என்றால் நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். நெட் வந்த பிறகும் ஆக்டிவேட் ஆகாமல் கீ கேட்டால், வாங்கும்போதே கள்ள ஆக்டிவேட்டர் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஸ்பைவேர் வந்த வழியும் அதுவாகவே இருக்கலாம். விண்டோஸ் 10 திரும்பப் போடாதே, அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது.

புதிய விண்டோஸில் சின்னவனுக்கு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கு மட்டும் கொடு. அட்மின் பாஸ்வேர்டு உங்கள் இருவரிடம் இருக்கட்டும். அவனைத் திட்டாதே, கேள். கேமுக்கு "மாட்", "சீட்" என்று ஏதாவது பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக இறக்கினானா? பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதி வைத்து ஜிப்புக்குப் பூட்டு போடுவது, ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். அல்லது "நான் ரோபோ இல்லை" என்று நிரூபிக்க விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று ஏதாவது பக்கம் சொன்னதா? அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் கிளிப்போர்டில் வைத்த கட்டளையை நாமே நம் கையால் ஓட்டிவிடுகிறோம். உண்மையான கேப்ட்சா எதுவும் அப்படிக் கேட்காது. மாப்பிள்ளைக்கும் இதைச் சொல், பெரியவர்களும் இதில் நிறைய விழுகிறார்கள்.

பாஸ்வேர்டுகளைப் போனில் மாற்றி முடித்ததும், எந்தெந்தக் கணக்குகள் முடிந்தன என்று எனக்கு ஒரு பட்டியல் அனுப்பு. பாஸ்வேர்டை அனுப்பாதே, கணக்கின் பெயர் போதும். ஆஃப்லைன் ஸ்கேன் முடிந்த பின் புரொடெக்ஷன் ஹிஸ்டரியைப் போனில் படம் எடுத்து அனுப்பு. டிஸ்க்கை அழிக்கும் முன் அதை நான் ஒரு தடவை பார்க்கிறேன்.

அம்மா