சாம்பல் நிறத்தை எங்கள் கையில் விடுங்கள்

போட்டோ பிரின்டர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு முதியவரின் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டேன். பிரின்டரை இயக்கும் கணினி மென்பொருளான டிரைவரில், கிரேஸ்கேல், அதாவது கறுப்பு வெள்ளை என்றுதான் தேர்ந்தெடுத்திருந்தேன். இரவு விளக்கு வெளிச்சத்தில் குறையே தெரியவில்லை. காலையில் ஜன்னலோரம் கொண்டுபோனால் கன்னமெல்லாம் பச்சை ஏறியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சாம்பலாக இருக்க வேண்டிய நெற்றியில் சயான், மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள் இறைந்து கிடந்தன. கறுப்புப் புள்ளியைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. வண்ண மைகளைக் கலந்து வரும் சாம்பல், வெளிச்சம் மாறினால் தானும் மாறும். அப்புறம், ஒவ்வொரு மையும் ஒவ்வொரு வேகத்தில் வெளுக்கும். கரி மை அப்படியல்ல. புகைக்கரியால் எழுதிய ஏடுகள் ஆயிரம் ஆண்டு கடந்தும் கறுப்பாகவே இருக்கின்றன. வெறும் கரி தாளில் கொஞ்சம் பழுப்படிக்கும், உண்மைதான். அதைச் சரிக்கட்டச் சிறிதளவு நீல நிறமி போதும்.

2005இல் எப்சன் தன் கே3 மைகளில் கறுப்போடு இரண்டு சாம்பல் மைகளையும் சேர்த்தது, கறுப்பு வெள்ளைக்கென்று டிரைவரில் தனி வழியும் வைத்தது. பெரிய உதவி அது. ஆனால் எந்த மை எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்பது இன்றும் டிரைவரின் முடிவுதான்.

பழைய பிரின்டர் ஒன்றில் நான்கு அடர்த்தியில் கரி மை நிரப்பி, குவாட்டோன் ரிப் மென்பொருள் வழியாக அச்சிட்டுப் பழகினேன். அதில் ஒவ்வொரு மைக்கும், எந்தச் சாம்பலுக்கு அது எவ்வளவு விழ வேண்டும் என்று சொல்லும் தனி வளைகோடு உண்டு. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிகள் கொண்ட பட்டையை அச்சிட்டு, அளந்து, வளைகோட்டைத் திருத்தினேன். பளபளப்பில்லாத மேட் தாளில் ஒரே கறுப்பாக அடைத்துக் கிடந்த கடைசி மூன்று படிகளும் பிரிந்து வந்தன. அதே முதியவரின் கறுப்புக் கோட்டில் காலர் மடிப்பும் அதன் தையலும் அன்றுதான் தாளில் தெரிந்தன.

வேறொரு பிரின்டரிலும் இதைச் செய்ய நினைத்தேன். பிரின்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு ஒரு அப்டேட் வந்தது. நான் நிரப்பிய கார்ட்ரிட்ஜை அது ஏற்கவே இல்லை. நேற்று வரை ஓடிய மெஷின்!

ஒவ்வொரு மையையும் தனியாக இயக்கும் கட்டளைகளை வெளியிடுங்கள். மென்பொருள் எழுதுபவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். கிரேஸ்கேலில் எந்தெந்த மை சேர்கிறது என்பதை டிரைவரிலேயே காட்டுங்கள். வேறு மை போட்டால் வாரன்டி கிடையாது என்கிறீர்களா, சரி, ஏற்றுக்கொள்கிறோம். விற்ற பிறகு அப்டேட் அனுப்பிப் பூட்டுப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கறுப்பு வெள்ளைப் படங்கள் அச்சிடும் ஒருவர்