பழைய பெயிண்டைச் சுரண்டும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பெயிண்ட் வாங்க வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நாங்கள் இரண்டு கேள்வி கேட்கிறோம். வீட்டுக்குக் கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தீர்கள்? பிள்ளைத்தாய்ச்சியோ ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ வீட்டில் உண்டா? கலர் பார்க்க வந்தவரிடம் குடும்ப விவரம் எதற்கு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அதனால் காரணத்தை விவரமாகவே எழுதிவிடுகிறோம்.

காரணம் காரீயம். பேட்டரிக்குள் இருக்கும் அதே உலோகம்தான். உடம்புக்குள் போனால் விஷம். நிறம் பளிச்சென்று எடுக்கவும், சீக்கிரம் காயவும், வெயில் மழையைத் தாங்கவும் பல காலமாக இதைப் பெயிண்டில் சேர்த்து வந்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் அதிகம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016-இல் அறிவித்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. டின் லேபிளில் இந்த விவரம் அச்சாகியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அடித்த எனாமல் நம் சன்னல் கம்பிகளிலும் நிலைக்கதவுகளிலும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அது உரியாமல் ஒட்டியிருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. சுரண்டும்போதுதான் ஆபத்து. ஒரு பழைய சன்னலை நினைத்துப் பாருங்கள். மேலே பச்சை, அதற்கடியில் கிரீம், அதற்கும் அடியில் தாத்தா காலத்து மஞ்சள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு நிறமாகத் தூள் உதிரும். அரைத்து சலித்த மாவு போல அவ்வளவு மெல்லிசு. சன்னல் திட்டிலும் தரை ஓரத்திலும் படியும். விளக்குமாற்றால் கூட்டினால் மறுபடி கிளம்பித் தொட்டில் சேலையில் போய் உட்காரும். தவழுகிற குழந்தை கை ஊன்றுவதும் அங்கேதான். அடுத்த நிமிஷம் அந்தக் கை வாயில் இருக்கும்.

வாய்வழியாகப் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகச் சிறு குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச்சத்து குறைந்த உடம்பென்றால் இன்னும் அதிகம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கும், கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது.

தாயின் உடம்பில் நடப்பது இன்னும் கவலை தருவது. காரீயம் கால்சியத்தைப் போலவே எலும்பில் போய்ச் சேரும். அங்கே பல பத்தாண்டுகள் தங்கும். வயிற்றுப் பிள்ளையின் எலும்பு வளர்வதற்காகத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது, என்றைக்கோ சேர்ந்த காரீயமும் கூடவே ரத்தத்துக்கு வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. நேராகப் பிள்ளைக்குப் போகும். தாய்க்கு ரத்தக்கொதிப்பு, கருக்கலைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த பிள்ளை என்று பாதிப்பு நீளும். அரசு ஆஸ்பத்திரியில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை ஒருநாளும் விடாமல் போட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. அதோடு பெண் தாய்வீட்டுக்கு வருவாள். அந்தத் தாய்வீடுதான் பெரும்பாலும் பழைய வீடு. மகள் வருகிறாள், சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று ஆசையாக அப்போதுதான் பெயிண்ட் அடிப்போம். ஒரு பக்கம் சன்னல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் அவள் படுத்திருப்பாள். பிள்ளை பிறந்த பிறகும் மூன்று, ஐந்து மாதம் அதே வீடுதான். அன்பினால் செய்கிற காரியம், ஆனால் இதைவிடப் பொருந்தாத நேரம் வேறில்லை. நாங்கள் வாய்விட்டுக் கேட்பது இதற்காகத்தான்.

குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று தோன்றும். 1979-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர், பாஸ்டன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அதில் இருந்த காரீயத்தை அளந்தார். வெளியே எந்த நோயும் தெரியாத பிள்ளைகள்தான். பல்லில் காரீயம் கூடுதலாக இருந்தவர்களுக்கு அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண் குறைவு, வகுப்பில் கவனமும் குறைவு. இந்தியாவில் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் கணக்கிட்டது. பழைய பேட்டரி உருக்கும் இடங்கள், கலப்பட மசாலா என்று வேறு வழிகளும் உண்டு. பெயிண்ட் மட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பெயிண்ட் எங்கள் தொழில். இந்த அளவுக்குள் இருந்தால் கெடுதலில்லை என்று சொல்ல ஓர் அளவும் கிடையாது. சந்தேகம் இருந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் கேட்டு ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெயிண்டில் காரீயம் உண்டா என்று கடையில் வைத்துச் சொல்ல முடியாது. 2017-க்கு முந்தைய எனாமல் என்றால் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரியாத இடத்தைச் சுரண்ட வேண்டாம். உரிந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். தீ வைத்துப் பொசுக்கி எடுப்பது கூடவே கூடாது. அந்தப் புகையில் காரீயம் இருக்கும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, வேலை முடிந்ததும் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பு. உதிர்ந்த சில்லுகளை எரிக்காமல் பையில் கட்டிவிடுங்கள். தாயும் பிள்ளையும் துடைத்து முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். புதுப் பெயிண்டிலும் தின்னர் நெடி கர்ப்பிணிக்கு ஆகாது. தண்ணீரில் கலக்கும் வகையை வாங்குங்கள்.

பெயிண்டர் அண்ணன்மாரே, அந்தத் தூள் உங்கள் சட்டையோடு உங்கள் வீட்டுக்கும் வருகிறது. கை கழுவாமல் டீ, பீடி வேண்டாம். வேலைச் சட்டையை மாற்றிவிட்டு, அதன் பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.

தொழிற்சாலை இயந்திரங்களுக்கான பெயிண்ட் அந்த 2016 விதிக்குள் வராது. விலை குறைவு, பளபளப்பு அதிகம் என்று கேட்டாலும் தொட்டிலுக்கும் நடைவண்டிக்கும் வீட்டுக் கதவுக்கும் அதை நாங்கள் தரமாட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீடுகளுக்கு விரிப்பும் வாட்டர் பேப்பரும் கொள்முதல் விலைக்கே தருகிறோம். வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போதே எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மகள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே வேலை முடிந்து வீடு துடைத்திருக்கும்படி பெயிண்டரிடம் பேசி ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பெயிண்ட் கடையினர்,
கும்பகோணம்