சங்கீதம் 13-ஐப் பிரித்து எழுதிக் கொடுத்த அக்காவுக்கும், உடன் நின்ற எல்லாருக்கும்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு எங்கள் வீட்டார் அனைவரின் ஸ்தோத்திரம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மறுபடி எழுதக் கை வரவில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

முதலில் அக்காவுக்கு. ஆறுதல் வசனம் எதுவும் சொல்லாமல் ஒரு தாளை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதில் இருந்தது வேதாகமத்திலுள்ள சங்கீதம் 13, தாவீது ராஜாவின் ஜெபப் பாட்டு. ஆறே வசனங்கள், மூன்று பகுதிகளாக, இடையிடையே வெற்றுக் கோடுகளோடு.

முதல் இரண்டு வசனங்களில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறார். அதன் கீழே நீங்கள் எழுதியிருந்தது: "சத்தமாக வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் நினைவு பாதியில் வேறெங்கோ போய்விடும். பிறகு உங்கள் 'எதுவரைக்கும்' என்னவோ, அதை இந்தக் கோட்டில் எழுதுங்கள். அழகாக்க வேண்டாம்." மூன்றும் நான்கும் விண்ணப்பம். அங்கே இன்றைக்குத் தேவையான ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னீர்கள். வருங்காலம் முழுவதையும் ஒரே ஜெபத்தில் தூக்கப் பார்த்தால் கேட்கத் தொடங்குமுன்பே சோர்ந்துபோவோம் என்பது எத்தனை உண்மை! ஐந்தும் ஆறும் நம்பிக்கை. "வாய் வராவிட்டால் விட்டுவிடுங்கள், வீட்டில் வேறொருவர் உங்களுக்காக வாசிக்கட்டும்" என்ற அந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம்.

இதில் எங்கே தவறும் என்பதையும் எழுதியிருந்தீர்கள். நேராக ஐந்தாம் வசனத்துக்குத் தாவினால் வாய் துதிக்கும், உள்ளே இருக்கும் கேள்வி கசந்துபோகும். முதல் இரண்டிலேயே நின்றுவிட்டால் அது நமக்கு நாமே புலம்புவதாக முடியும். இரண்டுக்கும் நடுவில் நம்மைப் பிடித்து நிறுத்துவது சங்கீதத்தின் முதல் சொல், "கர்த்தாவே". கேள்வி அவரிடம்தான் போகிறது. அந்த நாட்களில் விசுவாசம் என்று எங்களிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு விளிதான். அதுவே போதுமானதாக இருந்தது.

தாளின் பின்பக்கத்தில் அடுத்து வாசிக்க வேண்டியவை. சங்கீதம் 42-ம் 43-ம் சேர்த்து, ஏனென்றால் "ஏன் கலங்குகிறாய்" என்று ஆத்துமாவைக் கேட்கும் வரி இரண்டிலுமாக மூன்று முறை வருகிறது. ஒரு முறை கேட்டதும் கலக்கம் தீர்ந்துவிடவில்லை. தூக்கம் வராத இரவுக்கு 88. அது கடைசி வரை விடியாத சங்கீதம். அப்படிப்பட்ட ஜெபமும் வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. 22-ஐ வாசிக்கும்போது, இயேசு சிலுவையில் சொன்னது அதன் முதல் வசனத்தை என்று நினைவில் வைக்கச் சொன்னீர்கள்.

சமைத்துக் கொண்டுவந்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், வரிசைகளில் எங்களுக்காக நின்றவர்கள், இரவில் முறைவைத்து விழித்திருந்து ஜெபித்தவர்கள், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், உங்கள் எல்லாருக்கும் நன்றி. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தின் ஒழுங்கு உங்களால்தான் புரிந்தது. சோர்ந்துபோய்ச் சாவைக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். பிறகு அவர் மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிற்பாடு. அங்கேயும் தேவன் காரணத்தை விளக்கவில்லை. செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்தார். கூடவே, அவருக்குப் பின் தீர்க்கதரிசியாகும் எலிசாவையும் காட்டினார்.

துன்பத்துக்கு என்ன நோக்கம் என்று பலர் எங்களிடம் கேட்டீர்கள். ஏன் நேர்ந்தது என்று இன்றும் தெரியாது. இனி என்ன செய்வது என்பது மட்டும் 2 கொரிந்தியர் 1:4-ல் தெளிவாக இருக்கிறது: நமக்குக் கிடைத்த ஆறுதலால் உபத்திரவத்தில் இருக்கிறவர்களுக்கு ஆறுதல் செய்ய வேண்டும். ஆகவே கர்த்தருக்கு முன்பாக இப்படித் தீர்மானித்திருக்கிறோம். துக்க வீட்டுக்குப் போனால் முதலில் அடுப்படியைக் கவனிப்போம். கேட்காதவர்களுக்கு வசனம் சொல்ல மாட்டோம். எல்லாரும் வந்துபோய் ஓய்ந்து, வீடு வெறிச்சோடும் மாதங்களிலும் போவோம்.

அக்காவின் தாளை அவர் கையெழுத்திலேயே பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் கேளுங்கள். ராத்திரியானாலும் கொண்டுவந்து தருகிறோம்.